தானே ஆறும் பூச்சு வந்தாலும் சுரண்டும் கை வேண்டும்

1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் 1964 புயலில் சிதைந்தும் மீண்டும் எழுந்து நின்றது. கடைசியில் அதை ஓய்வுக்கு அனுப்பியது துருதான். தூக்குப் பகுதி அரித்து வலுவிழந்ததால் 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்னும் உயர்ரகப் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

எந்தப் பூச்சும் கீறல் விழும் வரைதான் காவல். கீறல் வழியே ஈரமும் உப்பும் புகுந்துவிட்டால், மேலே பெயிண்ட் பளபளக்க, அடியில் இரும்பு அரித்துக்கொண்டே போகும். இதற்கு மருந்தாகத்தான் 'தானே ஆறும் பூச்சு' பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத பிசின் குமிழ்களில் தாவர எண்ணெயை அடைத்துப் பெயிண்டில் கலக்கிறார்கள். கீறல் விழுந்தால் குமிழ் உடைந்து எண்ணெய் கசியும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகிக் கீறலை மூடிவிடும்.

எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் இறுகுவதில்லை. ஆளிவிதை எண்ணெய் இறுகும். ஜன்னல், கதவுகளுக்குத் தச்சர்கள் பூசுவது இந்த எண்ணெயைத்தான். வட கர்நாடகத்தில் 'அகசே' சட்னிப்பொடியாக ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வதும் இதே விதையைத்தான். நம் நாட்டு உழவருக்கும் பயன் தரக்கூடிய இந்த ஆராய்ச்சி வரவேற்க வேண்டியதே.

ஆனால், இப்பூச்சு ஆற்றுவது மெல்லிய கீறலை மட்டுமே. ஒருமுறை உடைந்த குமிழ் மறுபடி நிரம்பாது. அதே இடத்தில் மீண்டும் அடிபட்டால் காவல் இல்லை. பழைய துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே அடித்தால் எந்தப் பெயிண்டும் நிற்காது. கம்பி பிரஷும் உப்புத்தாளுமாகக் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பெங்களூர்த் தமிழ்த் தொழிலாளர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

நாளை இப்பூச்சு சந்தைக்கு வரும்போது, "இனி பூச்சே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிப் பராமரிப்பு ஆட்களைக் குறைக்கவும், சோதனையைத் தள்ளிப்போடவும் சிலர் முனையலாம். அதற்கு இடம் தரக்கூடாது. போவது சிலரின் கூலி மட்டுமல்ல. பாலத்தின் மேல் போகும் பயணிகளின் உயிரும் அதில் இருக்கிறது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்டபத்தில் அதற்குக் கிளையும் உண்டு. தகடுகளில் இப்பூச்சை அடித்து, சில மழைக்காலங்கள் கடற்காற்றில் நிறுத்திப் பார்த்த பிறகே பாலங்களுக்குக் கொண்டுவர வேண்டும். வந்த பிறகும் ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பார்க்கும் வழக்கம் தொடர வேண்டும். பராமரிப்புச் செலவில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு பெல்ட்டுக்கும் சாரத்துக்கும் ஒதுக்கினால் நல்லது. ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் இதில் ஆவன செய்யுமா?