மூச்சுக்குழலும் முகவர் சந்தையும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. அவற்றை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். ஆனால், இக்காலத்து மருத்துவமனையில் ஐந்தாவது கூறு ஒன்றும் புகுந்து நிலைபெற்றுவிட்டது. கருவிகளைச் செய்து விற்போரும், இடைநின்று வாங்கித் தரும் முகவரும், ஒப்பமிடும் அலுவலரும் சேர்ந்த சந்தையே அது. நோயாளியின் கட்டிலருகே அதன் முகம் தெரிவதில்லை. ஆயினும் அவருடைய உயிர் அதன் நேர்மையைப் பொறுத்தே நிற்கிறது. இந்தச் சந்தையைப் பற்றித் தமிழர் பேச வேண்டும். அதிலும் தமிழாசிரியர் பேச வேண்டும் என்பதே என் வாதம்.

மற்றக் கருவிகளை விடுத்து, மூச்சுவழியைக் காக்கும் கருவிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். வாய் வழியாகக் குழாய் செலுத்த இயலாதபோது, கழுத்தின் முன்புறத்தைக் கீறி மூச்சுக்குழலுக்குள் நேரே வழி செய்வர். தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1825-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மருத்துவர் பிரெத்தோனோ இம்முறையால் ஒரு சிறுமியைக் காப்பாற்றினார். அவருடைய மாணாக்கர் துரூசோ அதனைப் பரவச் செய்தார். கீறிய துளையை விரித்துப் பிடிக்கும் கருவி இன்றும் துரூசோவின் பெயரைத் தாங்கியுள்ளது. கத்தி, கொக்கி, விரிப்பான், குழாய் ஆகிய இவை யாவும் கையடக்கமான பொருள்களே. ஆனால், வேண்டிய நேரத்தில் இவை இல்லாமலோ பழுதுபட்டோ போனால், மறுமுறை முயல நேரம் இராது.

“அது மருத்துவரும் வணிகரும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், இலக்கணம் நடத்தும் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நம் மண்ணின் வரலாற்றையே விடையாகத் தருகிறேன். சிங்கப்பூரில் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்பார், மலாய்க்காரர் காட்டு மரத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்திய கெத்தா பெர்ச்சா என்னும் பிசினைக் கண்டார். இது மருத்துவக் கருவிகள் செய்ய உதவும் என்று கருதி, 1843-இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். பின்னர் ரப்பர் வந்தது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் அறுவை செய்தபோது, ஐவன் மேகில் என்னும் மயக்க மருத்துவர் மூச்சுக்குழலுக்குள் ரப்பர்க் குழாயைச் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிளாஸ்டிக் குழாய் வரும்வரை பல பத்தாண்டுகள் உலக மருத்துவமனைகளில் ஆண்டது அந்தச் சிவப்பு ரப்பர்க் குழாயே. அக்காலத்தில் உலக ரப்பரில் பெரும்பங்கை விளைவித்த நாடு மலாயா. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டியவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. பால் இங்கிருந்து கப்பலேறியது. குழாயாக மாறி, வேற்றுநாட்டு முத்திரையோடும் விலையோடும் இங்கேயே திரும்பி வந்தது. இந்த வாணிகத்தின் முதற்கண்ணியாக நின்ற இனத்துக்கு அதனைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு?

உரிமை மட்டுமன்று, தேவையும் உண்டு. தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் போனபின் நகர விளிம்புகளில் குடியேறிய நம் மக்கள், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் போன்ற இடங்களில் மலிவு வீடுகளில் வாழ்கின்றனர். செல்வர் தனியார் மருத்துவமனையைத் தேர்ந்துகொள்ளலாம். இவர்களுக்கு அரசு வாங்கி வைத்த கருவியே கருவி. என் மாணவன் ஒருவனின் தந்தை, கழுத்துத் துளையில் குழாயோடு வீடு திரும்பினார். சளியை உறிஞ்சும் மெல்லிய குழாய்களை அக்குடும்பமே கடையில் வாங்க வேண்டியிருந்தது. மூன்று கடைகளில் மூன்று விலை சொன்னார்கள். எது தரமானது, எதற்கு ஏன் அந்த விலை என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பமே இப்படித் திகைத்தது என்றால் மற்றவர் நிலை என்ன?

இச்சந்தையில் இரண்டு மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. விலை உயர்ந்ததும் மேலைநாட்டு முத்திரை பெற்றதுமே சிறந்தது என்பது முதலாவது. 2011-இல் பிரிட்டனில் வெளிவந்த மூச்சுவழி விபத்துகள் பற்றிய தேசிய ஆய்வு, நெருக்கடி நேரத்தில் கழுத்தில் ஊசிக்குழல் செலுத்தும் முயற்சிகளில் 100-க்கு ஏறத்தாழ 60 தோல்வியுற்றதாகக் காட்டியது. அதன்பின் 2015-இல் அந்நாட்டுக் கடினமூச்சுவழி மருத்துவர் சங்கம் வகுத்த நெறி என்ன கேட்கிறது? 10-ஆம் எண் கத்தி, வழிகாட்டியாகச் செல்லும் வளையக்கூடிய ஒரு மெல்லிய கோல், 6 மில்லிமீட்டர்க் குழாய் ஆகிய மூன்றே பொருள்களைத்தான். பளபளக்கும் பெட்டிக்குள் முகவர் அடுக்கித் தரும் பலவகைச் சாமான்களைவிட, பயிற்சி பெற்ற கையும் இந்த மூன்று எளிய பொருள்களுமே உயிரைக் காக்கும் என்பது இதன் பொருள்.

முத்திரையின் கதை இன்னும் விந்தையானது. உலக அறுவைக் கருவிகளின் தலைநகரங்களாக இரண்டு ஊர்களைச் சொல்வர். ஒன்று ஜெர்மனியின் துட்லிங்கன். மற்றொன்று பாகிஸ்தானின் சியால்கோட். சியால்கோட்டின் சிறு பட்டறைகளில் அராவியும் மெருகிட்டும் செய்யப்பட்ட கருவிகள் பல, ஐரோப்பிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கி விற்பனையாகின்றன. பிரிட்டனின் காது மூக்குத் தொண்டை அறுவை மருத்துவர் மஹ்மூத் பூட்டா, 2006-இல் அந்நாட்டு மருத்துவ இதழில் இவ்வுண்மையை எழுதி, அறுவைக் கருவிகளுக்கும் நேர்மையான வாணிகம் வேண்டும் என்று குரல் கொடுத்தார். பாகிஸ்தானின் அறுவைக் கருவிகள், குழந்தை உழைப்பால் ஆகும் பொருள்களின் அமெரிக்க அரசுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆகவே முத்திரைக்கு நாம் கொடுக்கும் விலை, கருவியைச் செய்த கைக்குப் போய்ச் சேருவதில்லை.

இரண்டாவது மூடநம்பிக்கை, எப்படியேனும் விரைந்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்பது. கோவிட் கொள்ளைநோய் 2020-இல் பரவியபோது, நம் சுகாதார அமைச்சுக்காகச் செயற்கைச் சுவாசப் பொறிகள் அவசரமாக வாங்கப்பட்டன. வந்து சேர்ந்த 136 பொறிகளில் 28 மட்டுமே பயன்பாட்டுக்கு உரியனவாக இருந்தன என்பதைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை பின்னர் வெளிப்படுத்தியது. எஞ்சிய 108 பொறிகளும் வாங்கியும் வாங்காதவையே. அவசரம் உண்மைதான், யார் மறுக்கிறார்கள்? ஆனால் மூச்சுத் திணறும் நோயாளிக்கு, வராத பொறியும் வந்து ஓடாத பொறியும் ஒன்றே.

இனி, நம் வீட்டு வாசலுக்கே வருவோம். மூச்சுவழிக் குழாயைப் பிடிக்கும் மருத்துவரின் கை, கையுறையின்றி அதைத் தொடாது. உலகின் கையுறைகளில் பெரும்பங்கு நம் நாட்டில் ஆகிறது. கிள்ளான் அருகே மேருவிலும் அதற்கான ஆலைகள் உள்ளன. அங்கு ஆலைகளைக் கொண்ட டாப் கிளவ் நிறுவனத்தின் கையுறைகளை, கட்டாய உழைப்பு என்னும் குற்றச்சாட்டின்மேல் 2020 ஜூலை முதல் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. வேலைக்கு வருவதற்காக அயல்நாட்டுத் தொழிலாளர் தலையில் ஏறிய தரகுக்கடன் இதில் முக்கியமான குறைபாடு. நிறுவனம் அத்தொகையைத் திருப்பித் தந்து சீர்திருத்தம் செய்தபின், 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. கடன்பட்டுக் கப்பலேறி, அக்கடனைக் கழிக்கவே உழைத்த கதை நமக்குப் புதியதா? கங்காணி காலத்தில் நம் பாட்டன்மார் பட்டதை, இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் படுகின்றனர். அதைக் கண்டும் வாய் திறவாதிருந்தால், தோட்டப் பாட்டாளியைப் பற்றி நாம் எழுதிக் குவித்த கதைகளுக்கும் கவிதைகளுக்கும் என்ன மதிப்பு?

“இவ்வளவு கேள்வி கேட்டால் விலை ஏறும், காரியம் நடவாது” என்பர் சிலர். நடந்திருக்கிறதே! சியால்கோட் நிலைமை பற்றிய செய்தி வெளிவந்தபின், சுவீடனின் வட்டார மன்றங்கள் தம் கொள்முதல் ஒப்பந்தங்களில் தொழிலாளர் உரிமை விதிகளைச் சேர்த்தன. பிரிட்டனின் பொதுச் சுகாதாரக் கொள்முதல் அமைப்பும் 2012-இல் அறுவைக் கருவி விற்போரிடம் இத்தகைய உறுதியைக் கேட்கத் தொடங்கியது. நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் இருக்கிறது. கருவி பாதுகாப்பானதா என்று அது கேட்கிறது. அதைச் செய்த தொழிலாளி பாதுகாப்பாக இருந்தானா என்று கேட்பதில்லை. அவ்வினாவையும் டெண்டர்த் தாளில் சேர்ப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

நான் வேண்டுவன நான்கே. எந்தக் கருவி, எவரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அதனைக் கையாளும் மருத்துவரும் தாதியரும் மாதிரியைச் சோதித்து இசைந்த பின்னரே வாங்க வேண்டும். பழுது பார்க்கும் பொறுப்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். செய்த கைகளின் நிலைமையும் விசாரிக்கப்பட வேண்டும்.

தமிழாசிரியப் பெருமக்களே, பயிற்சிக் கல்லூரி மாணவர்களே! வகுப்பறையில் ஒரு பொருளைக் காட்டினால், அதன் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். இது எங்கே விளைந்தது, யார் செய்தார், யார் ஈட்டினார், யார் ஏமாந்தார் என்று கேட்கப் பழக்குங்கள். மருத்துவராகும் கனவை மட்டுமே பிள்ளைகளுக்கு ஊட்டாமல், மருத்துவக் கருவிகளைச் செப்பனிடும் நுட்பக்கல்வி என ஒன்று உண்டென்பதையும் சொல்லுங்கள். அன்று பாலை வெட்டிக் கொடுத்துவிட்டு, அது எங்கே போயிற்றென்று கேளாதிருந்தோம். கேட்கக் கல்வி இல்லை. இன்று நமக்குக் கல்வி இருக்கிறது, பள்ளி இருக்கிறது, எழுத இதழ்கள் இருக்கின்றன. இனியும் கேளாதிருந்தால், பழியைக் கங்காணி மேலும் துரை மேலும் போட முடியாது.