தானாக முளைக்குமா?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணக் கடலோரத்துக் கடற்புல், 1930-களில் நோயாலும் 1933-ம் வருஷத்துப் புயலாலும் அழிந்தொழிந்தது. அதை அண்டிய சிப்பித் தொழிலும் போயிற்று. அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் புல் திரும்பவில்லை. காலத்தின் கோலம் என்று சொல்லிவிடலாமா? கூடாது, விதை வந்து சேராததே காரணமென்று கண்டார்கள், வில்லியம் அண்ட் மேரி சர்வகலாசாலையின் கடல் விஞ்ஞானப் பள்ளியார்.

1999 முதல் இருபது வருஷங்களில் தொண்டர்களோடு சேர்ந்து 7 கோடிக்கு மேல் விதை தூவினார்கள். சுமார் 500 ஏக்கரில் விதைத்தது சுமார் 9,000 ஏக்கராகப் பரவிற்று. பள்ளி என்பது பட்டம் கொடுக்கும் இடம் மாத்திரமல்ல என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

ஆனால் கடல் சூடேறினால் இப்புல்லும் கருகும். விதைக்கத் தெரிந்த மனிதன், சூடேற்றுவதை நிறுத்தவும் கற்கவேண்டாமா?