பார்த்துக்கொண்டிருந்த 35 பேர்

மத்தியப் பள்ளிகளில் ஆண்டின் நடுவிலும் புதிய மாணவர் வந்து சேர்வது வழக்கம். பெற்றோருக்குப் பணிமாற்றம் வந்தால் குடும்பமே இடம்பெயர்கிறது. அவ்வாறு எட்டாம் வகுப்பிற்கு வந்த ஒரு மாணவன், வீட்டுப்பாடம் குறித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இந்தியில் குரல்செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். அவன் இந்தியில் சொந்த ஊரின் ஒலிப்பு கலந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் அக்குரல் வெட்டப்பட்டு, கேலி இசையோடு குழுவிற்குத் திரும்பி வருகிறது. நால்வர் சிரிப்பு முகங்களை இடுகின்றனர். எஞ்சிய 35 பேர் கேட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் கைப்பேசியை வைத்துவிடுகின்றனர்.

இந்த 35 பேரையும் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியன்று.

ஜான் டார்லி, பிப் லத்தானே என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்குகிறது. நியூயார்க்கில் கல்லூரி மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்த்தப்பட்டு, ஒலிவாங்கி வழியாக உரையாடினர். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. திடீரென ஒரு குரல் வலிப்பு வந்தது போலத் திணறி உதவி கேட்டது. அது முன்பே பதிவுசெய்யப்பட்ட குரல் என்பதை அவர்கள் அறியார். தான் ஒருவனே கேட்கிறேன் என்று நம்பியவர்களுள் 85 விழுக்காட்டினர், அக்குரல் அடங்குமுன்பே உதவி நாடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று நம்பியவர்களுள் அவ்வாறு எழுந்தவர் 31 விழுக்காட்டினரே. எழாதவர்கள் கவலையற்று இருந்தார்களா என்றால், இல்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. இரக்கம் இருந்தது, பொறுப்புத்தான் பலரிடையே பங்கிடப்பட்டுக் கரைந்துபோயிற்று.

முகம் தெரியாத அந்த அறைகளுக்கும் இன்றைய குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வகுப்பறையில் ஒருவனைக் கேலி செய்தால், அருகிலிருப்பவர் முகம் சுளிப்பதையேனும் அவன் காண்பான். குழுவிலோ மௌனம் மட்டுமே தெரிகிறது. முப்பத்தைந்து பேரின் தயக்கம் அவன் கண்ணுக்கு முப்பத்தைந்து பேரின் உடன்பாடாகவே தோன்றும்.

இரக்கத்தை வளர்க்க அறவுரை வகுப்புகள் நடத்தினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். இரக்கம் தேவைதான், ஆயினும் அது செல்வதற்கு ஒரு வழியும் வேண்டும். கேலியைப் பற்றி ஆசிரியரிடம் கூறும் மாணவியை, “உனக்கு ஏன் கைப்பேசி? நீ ஏன் அந்தக் குழுவில் இருந்தாய்?” என்று முதலில் வினவும் பள்ளியில், அடுத்த முறை எவரும் வாய் திறவார். புகார் சொன்னவர் பெயர் மாலைக்குள் வகுப்பு முழுவதும் பரவும் இடத்திலும் அதுவே நிகழும். அங்கெல்லாம் மௌனத்தைக் கற்பிப்பது பள்ளியே ஆகும்.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ என்னும் திட்டம் 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாகியது. துன்புறுத்தலுக்கு எதிராக என்று பொருள்படும் சொற்களின் சுருக்கம் அப்பெயர். அம்மொழியில் ‘இனியது’ என்றும் பொருள்தரும். துன்புறுத்துபவரைத் திருத்துவதோடு அத்திட்டம் நிற்பதில்லை. பார்த்துக்கொண்டிருப்போரையே முதன்மையாகக் கருதுகிறது. புகார்களைக் கவனிக்கப் பள்ளிதோறும் ஆசிரியர் குழு உண்டு. வகுப்பாசிரியர், நல்லியல்பும் செல்வாக்கும் உள்ள இரண்டு மூன்று மாணவரைத் தனியே அழைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறார். நாற்பது பேரிடம் பொதுவாகச் சொல்வதைவிட இருவரிடம் பெயர் சொல்லிக் கேட்பது பயன் தருகிறது என்பது, டார்லியின் ஆய்வை அறிந்தவருக்கு வியப்பளிக்காது.

குழுவில் எல்லார் முன்னிலும் எதிர்த்து எழுதும் துணிவு அனைவருக்கும் வாய்ப்பதில்லை. அதனை எல்லாரிடமும் எதிர்பார்ப்பதும் முறையன்று. கேலிக்கு உள்ளானவனுக்குத் தனியே ஒரு செய்தி அனுப்பலாம். அப்பதிவை வேறு குழுவிற்கு அனுப்பாதிருக்கலாம். அழிக்கப்படுமுன் திரைப்படம் எடுத்து வைத்து, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் காட்டலாம். வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல இயலாதபோது, சிறுவர் உதவி எண்ணாகிய 1098ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மறுநாள் காலைப் பேருந்தில் அவனருகே உள்ள இருக்கையில் அமர்வதற்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை.