ரிட்டர்னில் சொருகுவோம்

அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பும் ஓர் ஆர்கெஸ்ட்ரா இன்று ஓமலூர், நாளை ராசிபுரம், மறுநாள் நாமக்கல் என்று மேடை மாறிக்கொண்டே இருக்கும். ஆடி பிறந்து கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கிவிட்டால் ஓய்வு நாளே கிடையாது. கிட்டாரும் ப்ராசஸரும் வாசிப்பவருடைய சொந்தம். ஆம்ப் மட்டும் அந்தந்த ஊர் சவுண்ட் சர்வீஸ்காரருடையது. மேடை ஏறிய பிறகுதான் அது என்ன ஆம்ப் என்பதே தெரியும். இந்த நிலையில் நம்மில் பெரும்பாலோர் ப்ராசஸரின் அவுட்புட்டை ஆம்பின் முன்பக்க இன்புட்டில் சொருகுகிறோம். வீட்டில் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுச் செதுக்கிய டோன் மேடையில் ஏன் இப்படிச் சீரழிகிறது என்று வருந்துகிறோம். ஊருக்கு ஊர் ஆம்ப் மாறுகிற நம் போன்றவர்களுக்கு, ஆம்பின் பின்பக்கம் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பின் ரிட்டர்ன்தான் சரியான வாசல் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

காரணம் ஆம்பின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. கிட்டார் ஆம்ப் என்பது ஒரே பெட்டிக்குள் இரண்டு கருவிகள். கெய்ன், பேஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் அடங்கிய ப்ரீஆம்ப் முதலாவது. அது உருவாக்கிய ஒலியை ஸ்பீக்கரைத் தள்ளும் அளவுக்குப் பெருக்கும் பவர் ஆம்ப் இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே வெட்டி வைத்த இடமே லூப். ப்ரீஆம்பிலிருந்து வெளியே போகும் வழி சென்ட், பவர் ஆம்புக்குள் நுழையும் வழி ரிட்டர்ன். டிஸ்டார்ஷனை ஆம்பே தரத் தொடங்கிய பிறகுதான் இப்படி ஒரு வெட்டு தேவைப்பட்டது. மெசா பூகி போன்றவர்கள் 1980 வாக்கில் லூப் வைத்ததும் இதற்காகவே. டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால், தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலிகளும் அடுத்த ஸ்வரமும் ஒன்றாக நசுங்கிக் குழம்பிவிடும். பின்னால் வைத்தால் ஒவ்வோர் எதிரொலியும் தனித்தனியாகத் தேய்ந்து அடங்கும்.

இப்போது நம் ப்ராசஸரைப் பார்ப்போம். அதற்குள் ஏற்கெனவே ஒரு ஆம்ப் மாடல் ஓடுகிறது. அதாவது ஒரு ப்ரீஆம்ப், பெரும்பாலும் அதோடு ஒரு கேபினட் சிமுலேஷன். இதைக் கொண்டுபோய் முன்பக்க இன்புட்டில் விட்டால், ஒரு ப்ரீஆம்பின் தலைமேல் இன்னொரு ப்ரீஆம்ப் ஏறி உட்காருகிறது. ஃபெண்டர் வழி வந்த டோன் சர்க்யூட்டுகள், எல்லாத் திருகையும் நடுவில் வைத்தாலும், 500 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடும். அது அவற்றின் இயல்பு. ப்ராசஸரின் மாடல் ஒரு பள்ளம், மேடை ஆம்ப் இன்னொரு பள்ளம் என்று அதே இடத்தில் இரண்டு முறை தோண்டப்படுகிறது. கிட்டார் தன் உடம்பை வைத்திருப்பது அந்த மிட்ரேஞ்சில்தான். கீபோர்டும் பாடகரின் குரலும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போவது வாசிப்பவரின் குறையல்ல. கேபினட் சிமுலேஷனை அணைக்க மறந்தால் நிலைமை இன்னும் மோசம். கிட்டார் ஸ்பீக்கர் இயல்பாகவே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். சிமுலேஷனும் அதே வேலையைச் செய்தால், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். பாஸ் ஜிடி-100 போன்ற ப்ராசஸர்களில் அவுட்புட் செலக்ட் பகுதியில் ஜேசி-120 என்று ஒன்றும், ஜேசி-120 ரிட்டர்ன் என்று தனியாக ஒன்றும் இருப்பது அதனால்தான். நுழையும் வாசல் மாறினால் திருத்தமும் மாற வேண்டும்.

நான்கு கேபிள் முறைதானே உயர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கிட்டாரிலிருந்து ப்ராசஸர் இன்புட், ப்ராசஸர் சென்டிலிருந்து ஆம்ப் இன்புட், ஆம்ப் சென்டிலிருந்து ப்ராசஸர் ரிட்டர்ன், ப்ராசஸர் அவுட்புட்டிலிருந்து ஆம்ப் ரிட்டர்ன். வா, கம்ப்ரசர், ஓவர்டிரைவ் முன்னாலும், டிலே, ரிவர்ப் பின்னாலும் நிற்க, நடுவே ஆம்பின் சொந்த ப்ரீஆம்ப் பாடும். அழகான முறைதான், மறுக்கவில்லை. லேட்டன்சி பயமும் வேண்டாம். சிக்னல் இரண்டு முறை டிஜிட்டலாகி மீண்டாலும் மொத்தம் 4 மில்லிசெகண்ட் அளவில்தான் தாமதம். ஸ்பீக்கரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஆனால் அந்த முறையின் பலனே ஆம்பின் ப்ரீஆம்பைக் கேட்பதுதான். தினமும் வேறு ஆம்ப் என்றால், தினமும் வேறு ப்ரீஆம்பை நடுவில் வைத்து எல்லா பேட்ச்சையும் திருத்த வேண்டும். பாடகர் மைக் டெஸ்ட் செய்து முடிப்பதற்குள் அது நடக்காது. மேலும் ஜிடி-1 போன்ற சிறிய ப்ராசஸர்களில் சென்ட், ரிட்டர்னே கிடையாது. சொந்த ஆம்போடு சர்ச்சிலோ ஸ்டுடியோவிலோ நிலையாக வாசிப்பவர் நான்கு கேபிளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாடோடியாக வாசிப்பவருக்கு ரிட்டர்னில் போகும் ஒரே கேபிள் போதும். ப்ரீஆம்ப் அவர் காலடியிலேயே இருக்கிறது. பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டுமே ஊருக்கு ஊர் மாறும். மாற்றம் பாதியாகக் குறையும்.

ரிட்டர்னில் ஓர் ஆபத்து உண்டு. பல ஆம்புகளில் ரிட்டர்னுக்குப் பிறகு வால்யூம் திருகே இல்லை. முன்பக்கத்தில் எதைத் திருகினாலும் சத்தம் அசையாது. எல்லாம் ப்ராசஸரின் அவுட்புட் லெவல் ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பூஜ்யத்தில் வைத்து ஆம்பை ஆன் செய்து, மெல்ல ஏற்றுங்கள். லூப்பின் லெவலும் ஆம்புக்கு ஆம்ப் வேறு. ரோலண்ட் ஜேசி-120-ன் பின்னால் -20, +4 என்று ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். அந்த 24 டெசிபல் வித்தியாசம் மின்னழுத்தத்தில் சுமார் 16 மடங்கு. ஸ்விட்ச் -20-ல் நிற்கும்போது ப்ராசஸர் லைன் லெவலில் அனுப்பினால் ஒலி கிழியும். மாற்றி நடந்தால் சோர்ந்து போய், அடியிலிருந்து இரைச்சல் எழும். பக்கத்திலேயே சீரிஸ், பேரலல் என்று இன்னொரு ஸ்விட்ச் இருந்தால் சீரிஸில் வையுங்கள்.

ஆம்பே எதற்கு, நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாமே என்பது சவுண்ட் இன்ஜினியர்களின் வாதம். மானிட்டர் நன்றாக இருக்கும் மேடையில் அது நியாயம். நம் பக்கத்து மேடைகளில் பெரும்பாலும் மானிட்டர் பாடகருக்குப் போக மிச்சம்தான் கிட்டாருக்கு. ஜிடி-1000 போல மெயினுக்கும் சப்புக்கும் தனித்தனி அவுட்புட் அமைப்பு உள்ள ப்ராசஸரில், சிமுலேஷனோடு மிக்ஸருக்கும், சிமுலேஷன் இல்லாமல் ரிட்டர்னுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம்.

அப்படிக் கொடுக்கும்போதுதான் ‘உர்ர்’ என்ற ஹம் வரும். மிக்ஸரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் கேபிளின் ஷீல்டு வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துவிடுகின்றன. நான்கு கேபிள் முறையிலும் ஷீல்டுகளுக்குள்ளேயே அதே வளையம் உண்டாகலாம். இதற்கு நம் மேடைகளில் நடக்கும் வைத்தியம் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது. இதைவிடக் கொடிய பழக்கம் நம் தொழிலில் இல்லை. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு ஏற்பட்டால், 230 வோல்ட்டுக்கு மிஞ்சும் வழி கிட்டார் கம்பி, அதைத் தொடும் விரல், மைக்கைத் தொடும் உதடு. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், மழையில் நனைந்த பலகையில் செருப்பில்லாமல் நின்று வாசிக்கும் பையனை நினைத்துப் பாருங்கள். ஹம்மை நீக்க, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சைத் தட்டினால் போதும். லூப் கேபிள்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, கரண்ட் ஒயரிலிருந்து தள்ளிப் போட்டாலே பாதி குறையும்.

லூப் இல்லாத ஆம்ப் வந்தால்? அப்போது முன்பக்க இன்புட்தான். ப்ராசஸரில் ஆம்ப் மாடலையும் கேபினட்டையும் அணைத்து, ஆம்பை க்ளீனில் வைத்து, டிஸ்டார்ஷன் பெடலும் டிலேயும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கென ஒரு பேங்க் தனியாகச் செய்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வாடகைக்கு ஆம்ப் விடும் சவுண்ட் சர்வீஸ் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆம்பின் முதுகிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, லூப் உண்டா, லெவல் என்ன, சீரிஸா பேரலலா, ரிட்டர்னுக்குப் பிறகு வால்யூம் உண்டா என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். மேடையின் பின்பக்க இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து தேடும் கிட்டாரிஸ்டுக்கு முதல் பாட்டு தொடங்குவதற்குள் அது கண்ணில் பட வேண்டும்.