கம்பம் எத்தனை கிலோ தாங்கும்?

எஃகுக் கம்பத்தில் ஏறி ஆடும் போல் டான்ஸில் தலைகீழாகத் தொங்குபவரை விழாமல் காப்பது பெரும்பாலும் அவருடைய தோல்தான். அரைக்கால் சட்டை போடுவது அதற்காக. பார்ப்பவர்கள் கவர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆடுகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. துணி வழுக்கிவிடும். தொடையின் உள்பக்கம், முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புச் சதை ஆகியவைதான் எஃகைப் பற்றிக்கொள்ளும். வகுப்பு நாளில் உடம்பில் எண்ணெய், லோஷன் எதுவும் தடவக் கூடாது என்பது முதல் பாடம். பெங்களூரின் ஜனவரிக் காலையில் கம்பம் சில்லிட்டிருக்கும், தோல் வறண்டிருக்கும், பிடி நிற்காது. ஏப்ரலில் வியர்வை வழுக்கும். கம்பத்தைத் துடைப்பதும் ஏறுவதுமாகவே பாதி வகுப்பு போகும்.

எங்கள் வகுப்பில் சேலத்துப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். ஐ.டி. வேலை, நல்ல கனத்த உடம்பு. “வெயிட் குறைச்சுட்டு வரலாம்னுதான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன் அக்கா,” என்றாள். கம்பத்தைத் தொடைகளுக்கிடையே இறுக்கி, கையை விட்டுவிட்டு உட்காரும் நிலை ஒன்று உண்டு. ஒல்லியானவர்களுக்கு எலும்பில் அழுத்தி உயிர்போகிற மாதிரி வலிக்கும். அவள் முதல் நாளே நிதானமாக உட்கார்ந்தாள். தோலும் சதையும் கம்பத்தில் அதிகம் படிகிற உடம்புக்கு அந்த இடத்தில் பிடி வலுவாகக் கிடைக்கிறது. ஆனால் தலைகீழாகப் போவதற்கு அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது. தன் எடை முழுவதையும் வயிற்றுத் தசையாலும் கைகளாலும் தூக்கியாக வேண்டும். எடை கூடினால் வேலையும் கூடத்தான் செய்யும். இரண்டையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லா உடம்புக்கும் எல்லாம் எளிது என்று சொல்வது ஆறுதலாக இருக்கலாம், உண்மையாகாது. ஒவ்வோர் உடம்புக்கும் ஓரிடம் எளிது, ஓரிடம் கடினம். ஒரு போட்டி அவற்றில் எந்த இடத்துக்கு மதிப்பெண் போடுகிறது என்பதே என் கேள்வி.

2009-ல் தொடங்கிய சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு 2012-ல் லண்டனில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. 2017-ல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பேரவையில் அதற்குப் பார்வையாளர் தகுதி கிடைத்தது. விளையாட்டு என்ற பெயர் வேண்டுமென்றால் அளவுகோல் வேண்டும். அதனால் ஜிம்னாஸ்டிக்ஸ் பாணியில் தடித்த விதிப்புத்தகம் எழுதினார்கள். கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். கட்டாய அசைவுகளை நெகிழ்வு, வலிமை, சுழற்சி என்று வகை பிரித்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிடித்த நிலையில் இரண்டு விநாடி நிற்க வேண்டும். கால்களை எத்தனை பாகைக்கு விரிக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. கோணம் குறைந்தால் அந்த அசைவு கணக்கில் வராது.

பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது, எல்லோருக்கும் ஒரே அளவு. ஆனால் கால் எவ்வளவு விரியும் என்பதைப் பயிற்சி மட்டும் முடிவு செய்வதில்லை. இடுப்பு மூட்டின் குழி எப்படி அமைந்திருக்கிறது என்பதும் முடிவு செய்கிறது. அந்த எலும்பின் அமைப்பை எந்தப் பயிற்சியாளராலும் மாற்ற முடியாது. சிறிய கை உள்ளவருக்கு 45 மில்லிமீட்டர் தடிமனான கம்பம். வீட்டுப் பயிற்சிக்கு 40 மில்லிமீட்டர் கம்பமும் விற்கிறார்கள், ஆனால் போட்டி மேடையில் அது கிடையாது. விதி எழுதியவர்கள் யாரையும் விலக்க நினைத்திருக்க மாட்டார்கள். என்றாலும் எழுதும்போது அவர்கள் மனக்கண்ணில் ஓர் உடம்பு இருந்திருக்கிறது.

மேடைக்கு ஏற்ற உடம்பு எது என்று பட்டியல் போடுவது நமக்கும் பழக்கமானதுதான். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் மேடையில் தவிர்க்க வேண்டிய ஆடற்பெண்களைப் பத்தாக அடுக்குகிறது. மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக உயரமானவள், மிகக் குள்ளமானவள், கூனுடையவள், முடி அடர்த்தியற்றவள் என்று போகிறது அந்தப் பட்டியல். இன்றைக்கு எந்த நடனப் பள்ளியும் அதைச் சுவரில் எழுதி மாட்டுவதில்லை. ஆனாலும் பருமனான பிள்ளையைப் பின்வரிசையில் நிறுத்துகிற ஆண்டு விழாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது தனிப் பிரிவு. வயதைப் பொறுத்தவரை நான் அதை முழு மனதோடு ஏற்கிறேன். மேற்சொன்ன கூட்டமைப்பில் 40 வயதுக்கு மேல், 50 வயதுக்கு மேல் என்று மாஸ்டர்ஸ் பிரிவுகள் உண்டு. அமெரிக்காவின் கிரெட்டா பொண்டரெல்லி 59 வயதில் கம்பத்தைத் தொட்டவர். எலும்பு அடர்த்தி குறைவதை எதிர்கொள்ளத்தான் தொடங்கினார், பிறகு உலகப் பட்டங்களை வென்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா போல் பிரிவும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் டெப் ரோச் சிறுவயது விபத்தில் ஒரு கையை இழந்தவர். 2012-ல் சர்வதேச போல் சாம்பியன்ஷிப்பின் மாற்றுத்திறனாளிகள் பிரிவில் பட்டம் வென்றார். அவர் ஆடும் காணொளிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். அவர் செய்வது இரண்டு கை உள்ளவர்களின் அசைவில் பாதி அல்ல. கழுத்து, தோள், அக்குள் ஆகியவற்றால் பிடிக்கும் வேறு வழிகளைக் கண்டுபிடித்து ஆடுகிறார். அவர் வந்ததால் இந்தக் கலையில் அசைவுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

வேறோர் உடம்பு புது அசைவைக் கொண்டுவருவதை நாம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். கர்நாடகத்தைச் சேர்ந்த குரு சையத் சலாவுதீன் பாஷா சக்கர நாற்காலியில் பரதநாட்டியத்தை மேடையேற்றினார். காலால் சுற்றும்போது கிடைக்காத வேகம் சக்கரத்தில் கிடைக்கிறது. மேடை முழுவதையும் அரைவட்டமாக அளந்துவிட்டுச் சட்டென்று நிற்கும் அழகு நாற்காலிக்கே உரியது. ஆனால் அரங்கில் எழும் கைத்தட்டல் பல நேரம் “பாவம், இந்த நிலையிலும்” என்று ஒலிக்கிறது. 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு 1984-ல் மீண்டும் ஆடினார். அவரைப் பற்றி நாம் இன்றும் பேசுவது காலைப் பற்றித்தான். அவருடைய அபிநயத்தைப் பற்றி எத்தனை பேர் பேசியிருப்போம்?

உடல் பருமன் என்று வரும்போது தனிப் பிரிவு எனக்கு உடன்பாடில்லை. நியூயார்க்கில் ராஸ் மேஸ் என்ற பயிற்சியாளர் பருமனானவர்களுக்கென்றே ‘டேஞ்சரஸ் கர்வ்ஸ்’ என்ற போட்டியை உருவாக்கினார். மற்ற மேடைகள் கதவைச் சாத்தியிருந்தபோது அது தேவையாக இருந்தது. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். இங்கே புதிதாகப் போட்டி தொடங்குகிறவர்கள் அதை நகலெடுக்க வேண்டியதில்லை. எடையை வைத்துப் பிரித்தால் யார் எந்தப் பக்கம் என்று தராசுதான் சொல்ல வேண்டியிருக்கும். 2015-ல் பிரிட்டன்ஸ் காட் டேலண்ட் நிகழ்ச்சியில் ஆடிய எம்மா ஹஸ்லம் பற்றிய செய்திகளின் தலைப்புகளில் அவர் உடம்பின் பருமன்தான் முன்னால் வந்தது, ஆட்டம் பின்னால்தான் வந்தது. பருமனான ஆட்டக்காரரை மற்றவர்களோடு ஒரே பிரிவில் நிறுத்துங்கள்; மதிப்பெண் முறையைத் திருத்துங்கள். நெகிழ்வில் எட்ட முடியாத இடத்தை வலிமையாலோ, இசையோடு இழையும் நடையாலோ ஈடுகட்ட வழி வேண்டும். பிடியின் உறுதிக்கும் இறங்கும் நிதானத்துக்கும் மதிப்பெண் வேண்டும். அப்படி வைத்தால் அந்தச் சேலத்துப் பெண் யாருடைய இரக்கமும் இல்லாமல் ஜெயிக்க முடியும்.

கம்பம் கர்நாடகத்துக்குப் புதிதும் இல்லை. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசம், மல்லர்கள் கம்பத்தில் செய்யும் பயிற்சியைக் குறிப்பிடுகிறது. இன்றும் கதக் மாவட்டத்து லக்ஷ்மேஸ்வரத்தில் இளைஞர்கள் மல்லகம்பம் ஏறுகிறார்கள். நம் விழுப்புரத்திலும் மல்லர் கம்பம் ஆடுகிறார்கள். விளக்கெண்ணெய் தடவிய தேக்கு மரத்தில், லங்கோடு மட்டும் கட்டிய ஆண் உடம்பு ஏறினால் வீர விளையாட்டு என்கிறோம். எஃகுக் கம்பத்தில் அரைக்கால் சட்டையோடு பெண் ஏறினால் முகம் சுளிக்கிறோம். நடனம் என்ற சொல் மதுக்கடையோடு சேர்ந்தால் பெங்களூர் மிரளும். உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் லைவ் பேண்ட், ஆடல் நிகழ்ச்சிகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற பெங்களூரு காவல் துறையின் 2005ஆம் ஆண்டு ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. போல் டான்ஸ் மீதும் அந்த நிழல் விழுகிறது. அதைத் தவிர்க்க சிலர், இது ஒழுக்கமான உடற்பயிற்சி மட்டுமே, கிளப்பில் ஆடுகிறவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். எனக்கு இது வருத்தம் தருகிறது. இன்று ஸ்டுடியோக்களில் கற்பிக்கும் அசைவுகளில் பலவற்றை உருவாக்கியவர்கள் கிளப்களில் ஆடிப் பிழைத்த பெண்கள்தான். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு எல்லோரையும் அரவணைக்கிறோம் என்று சொல்ல முடியாது.

உடலை மூடியே ஆட விரும்பும் பெண்கள் பெங்களூரின் ஷிவாஜிநகரிலும் அல்சூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. சிலிகான் பூச்சுள்ள கம்பம் துணியைப் பிடித்துக்கொள்ளும். பிடிப்புள்ள லெக்கிங்ஸும் விற்கிறது. போட்டியில் அவற்றுக்கு இடமுண்டா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் பயிற்சியைத் தொடங்கலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, விளையாட்டு வசதிகளை அவர்களும் பயன்படுத்தும்படி மாற்றியமைக்க அரசை வலியுறுத்துகிறது. அரசு செய்யும் வரை தனியார் காத்திருக்க வேண்டியதில்லை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் பாரா பிரிவு அறிவிப்பதில் பொருளில்லை. சரிவுப் பாதை உள்ள அரங்கைப் பிடித்துவிட்டுப் பிறகு தேதியை அறிவிக்கலாம். விதிப்புத்தகத்தை அச்சிடும் முன் பருமனான இருவர், ஐம்பதைத் தாண்டிய ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். நடுவர் மேசையில் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி போடலாம். விண்ணப்பப் படிவத்தில் ‘எடை’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதை எடுத்துவிட்டு, கம்பம் எத்தனை கிலோ தாங்கும் என்று அமைப்பாளர்கள் எழுதட்டும்.