ஆடை மாறினால் ஆள் மாறுமோ?

கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிச் சிரிக்கும் கதையொன்று உண்டு. வீட்டுப் பசுவை நாள்தோறும் கறப்பவள் வீட்டுக்காரி. அவள் உறவினர் வீட்டுச் சாவுக்கோ மகளின் பிள்ளைப்பேற்றுக்கோ போய்விட்டால், பசு கணவனுக்குப் பால் சுரக்க மறுக்கும். அவன் கன்றை விட்டுப் பார்ப்பான். தவிடும் பிண்ணாக்கும் வைத்துப் பார்ப்பான். ஈற்றில் மனைவி உடுத்துக் களைந்த சேலையை எடுத்துத் தன்மேற் சுற்றிக்கொண்டு செம்புங் கையுமாக மாட்டுக் கொட்டிலுக்குப் போவான். பசு முகர்ந்து பார்த்துவிட்டு அமைதியாக நிற்கும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயலவர் சிரிப்பார்கள். ஆனால் செம்பு நிறைந்துவிடும்.

இச்சிரிப்பைச் சற்று நிறுத்தி, அதனுள்ளே கிடக்கும் பொருளை ஆராய்தல் நன்று. ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் சமூகம் பிரித்து வைத்த உடைகளுள் மறுபாலாரின் உடையை ஒருவர் தம் வீட்டில் அணியும்போது, அவ்வீட்டில் வாழும் வாயில்லாப் பிராணி என்ன செய்கின்றது? அற்பமான வினாவென்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும் அப்படி உடுத்துபவர் பலருக்கு, அவர்களை அக்கோலத்தில் முதன்முதற் காணும் உயிர் வீட்டு நாய்தான். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவனுக்கு, கதவடியில் வந்து மூச்சுவிடும் அந்த மூக்கே முதற் சாட்சி. அது குரைத்தால் அவன் நெஞ்சு நடுங்குகின்றது. வாலை ஆட்டினால் அவன் கண் கலங்குகின்றது. ஆதலால் இவ்வினா நாயைப் பற்றியது மாத்திரமன்று, மனிதரைப் பற்றியதுமாகும்.

இவ்விடயத்தில் இரு கட்சியார் இருக்கின்றனர். "நாய்கூடக் குரைக்கின்றது, ஆகவே இது இயற்கைக்கு மாறு" என்பர் ஒரு சாரார். "நாய் கோலத்தைப் பாராது, உள்ளத்தைப் பார்க்கும்; மனிதனிலும் அது மேலானது" என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் கருத்தை நாயின் வாயால் வெளியிடுகின்றனர் என்பதே என் துணிபு. நாய் என்ன அறிகின்றது, எவ்வாறு அறிகின்றது என்பதை முதலிற் கேட்டறிவதே முறை.

மனித மூக்கில் மணத்தை ஏற்கும் கலங்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கு மேற்பட்டவை. கண்ணின் நிலையோ இதற்கு மறுதலை. நாய் மஞ்சளையும் நீலத்தையும் பிரித்தறியுமேயன்றிச் சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போற் பிரித்தறியாதென்பதை 1989 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜே நெய்ட்ஸ் முதலியோர் சோதனை மூலம் நிறுவினர். எனவே மணப்பெண்ணின் கூறைச் சேலையிலே நாம் காணும் செம்மை நாய்க்கு இல்லை. அச்சேலையின் சரசரப்பு உண்டு; பெட்டியில் வைத்த பாச்சையுருண்டையின் மணம் உண்டு; இவற்றுக்கெல்லாம் அடியில், என்றும் அறிந்த உடலின் மணமும் உண்டு. கிறகரி பேண்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் நாய்களைக் காந்த அலைப் படக்கருவியினுள் அசையாது படுக்கப் பழக்கி, பல மணங்களை அவற்றின் மூக்கருகே பிடித்து மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தார். 2015 இல் வெளியான அவ்வாய்வின்படி, நற்பேற்றை எதிர்நோக்கும் மூளைப் பகுதி பழகிய மனிதரின் மணத்துக்கே மிகுதியாக எழுச்சியுற்றது. அம்மனிதர் அவ்விடத்தில் இருக்கவுமில்லை. அவரின் மணம் மட்டுமே இருந்தது.

அப்படியானால் நாய் ஏன் சிலபோது குரைக்கின்றது? காரணம் எளிது. நாய் தூரத்தில் உருவத்தின் புறக்கோட்டையும் நடையையும் காண்கின்றது. அருகில் வந்தபின்னரே மணத்தால் உறுதி செய்கின்றது. பொய்முடி தலையின் வடிவை மாற்றிவிடுகின்றது. குதியுயர்ந்த சப்பாத்து நடையின் ஓசையையும் தாளத்தையும் மாற்றுகின்றது. வாசனைத் திரவியம் பழகிய மணத்தின்மேல் திரையிடுகின்றது. இவை யாவும் ஒருங்கே நிகழுமாயின் நாய் திகைப்பது இயல்பே. தலைக்கவசம் அணிந்து வரும் சொந்த எசமானைப் பார்த்தும், மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டு வரும் அப்புவைப் பார்த்தும் அதே நாய் குரைக்கின்றது. தலைக்கவசம் இயற்கைக்கு மாறானதென்று அதைக்கொண்டு எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. சேலையணிந்த ஆணைக் கண்டு குரைத்தால் மட்டும் நாயை நீதவான் ஆசனத்தில் ஏற்றிவைப்பது என்ன நியாயம்?

குரைப்புக்கு இன்னுமொரு காரணமுண்டு. அது நம்மிடத்திலேயே இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரில் வொன் ஒஸ்டன் என்பவர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தற் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லிப் புகழ் பெற்றது. ஒஸ்கர் புங்ஸ்ட் என்ற உளநூலார் அதனை ஆராய்ந்து 1907 இல் உண்மையை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. விடை நெருங்கும்போது கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரறியாமலே உண்டாகும் மிகச் சிறிய அசைவைக் கண்டு அது தட்டுதலை நிறுத்தியது. மனிதரின் உடலை வாசிப்பதில் வீட்டு விலங்குகள் அத்துணை வல்லவை. அச்சத்தோடு உடுத்து, சாளரத்தை நோக்கியவண்ணம், மூச்சடக்கி நிற்பவனின் உடலில் நாய் காண்பது சேலையையன்று; அச்சத்தையே. எசமான் அஞ்சுவானாயின் அஞ்சத்தக்கது ஏதோ அங்கே உண்டென அது கருதுகின்றது, குரைக்கின்றது. அக்குரைப்பைத் தன்மீது விழுந்த கண்டனமென அவன் கொள்கின்றான். அயலாரிடமிருந்து அவனுக்கு வந்த அச்சமே நாயின் தொண்டை வழியாகத் திரும்பி வருகின்றதென்பதை அவன் அறிவதில்லை.

பசுவின் கதையும் இதற்கு இயைந்ததே. மடியிற் பால் இருப்பது வேறு. அது இறங்குவது வேறு. பழகிய தொடுகையால் பசுவின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஒட்சிரோசின் என்னும் சுரப்புநீர் வெளிப்பட, அது குருதி வழியே மடியை அடைந்து பாலை இறக்குகின்றது. 1941 இல் ஈலி, பீட்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் பசுவின் முதுகில் பூனையை ஏற்றியும் கடதாசிப் பைகளை ஊதி வெடித்தும் பார்த்தனர். அச்சத்திற் சுரந்த அதிரினலின் பாலிறக்கத்தைத் தடுத்தது. வீட்டுக்காரியின் சேலை அங்கே பெண்மையின் சின்னமாகப் பயன்படவில்லை. அச்சமின்மையின் அடையாளமாகப் பயன்பட்டது. பழகிய மணம் உண்டு, பயமில்லை என்று அது பசுவுக்குச் சொல்லிற்று.

இனி மறுகட்சியாரை நோக்குவோம். விலங்குகள் ஆண் பெண் வேறுபாட்டையே அறியாதவை என்பது பிழை. 2014 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் நாய்களின் முன்னே ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நிறுத்தி, ஒலிபெருக்கியில் ஆண் குரலையோ பெண் குரலையோ கேட்கச் செய்தனர். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ வளர்ந்தவர்கள் வாழும் வீடுகளில் வளர்ந்த நாய்கள் பெரும்பாலும் குரலுக்கேற்ற பாலாரை நோக்கின. ஓரிருவரோடு மட்டும் வாழ்ந்த நாய்களிடம் இத்திறன் காணப்படவில்லை. ஆண் இத்தகையன், பெண் இத்தகையள் என்ற பாடத்தை நாய் மனிதக் கூட்டத்தில் வாழ்ந்தே கற்கின்றது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது. அது இயற்கையின் தீர்ப்பன்று, வீட்டின் பழக்கம். பலவகை மனிதரைக் கண்டு வளர்ந்த நாய்க்குப் பாடமும் விரிவானதாகும்.

விலங்கெல்லாம் உள்ளத்தையே காண்கின்றன என்பதும் மிகை. பறவைகள் பெரும்பாலும் உருவத்தையே நம்புகின்றன. ஒஸ்திரிய நாட்டு விலங்கியலாளர் கொன்றாட் லோறென்ஸ் தாம் வளர்த்த ஜக்டோ என்னும் காக்கையினப் பறவைகளின் குஞ்சுகளுக்கு வளையமிட வேண்டியிருந்தது. குஞ்சைப் பிடிப்பவனைத் தாய்ப்பறவைகள் என்றும் பகைக்குமென அறிந்த அவர், கொம்பும் வாலும் உடைய பேய்வேடந் தரித்துக் கூரைமேல் ஏறினார். தெருவில் ஊரார் கூடி வாய்பிளந்து நின்றனர். பறவைகளோ பேயைப் பகைத்தனவேயன்றி லோறென்சைப் பகைக்கவில்லை. இதனை அவர் 1949 இல் வெளியிட்ட நூலில் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2006 இல் ஜோன் மார்ஸ்லவ் என்பவர் ஆதிமனித முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டார். பின்னர் அம்முகமூடியை எவர் அணிந்து நடந்தாலும் காகங்கள் திரண்டு கரைந்து ஏசின. குற்றஞ் செய்தவர் வேறு, ஏச்சு வாங்கியவர் வேறு. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் காகத்திடமும் உண்டு.

நம் கலையுலகமோ இவ்வினாவை நெடுங்காலம் அறிந்தது. நமது கூத்தில் பெண்பாத்திரங்களை ஆடவரே ஆடிவந்தனர். மட்டக்களப்பிலே அரங்கேற்றத்தின்பின் கூத்தர் உடுத்த கோலத்துடன் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவது வழக்கம். கலையரசு சொர்ணலிங்கம் தம் குருவெனப் போற்றிய பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் நிறுவிய சுகுண விலாச சபையில், ரங்கவடிவேலு முதலியார் பெண்வேடத்தாலேயே பெரும்புகழ் ஈட்டினார். காவியத்தில் அருச்சுனன் பிருகந்நளையாக விராடனின் அரண்மனையில் ஓராண்டு வாழ்ந்தான். அக்கோலத்தை நாம் பழித்ததுண்டா? கூத்துக் களரியிலும் காவியத்திலும் கைதட்டி ஏற்ற நாம், அதே கோலம் அயல்வீட்டுச் சாளரத்தினூடே தெரிந்தால் மட்டும் கல்லெடுப்பதேன்? மேடையில் ஆடுபவனுக்கு அது தொழில், வீட்டில் உடுத்துபவனுக்கு அது வாழ்வு. தொழிலுக்குக் காட்டும் இரக்கத்தை வாழ்வுக்குக் காட்டாதிருப்பது விந்தையிலும் விந்தை. மேலும் மகள் சாரமோ நீள்காற்சட்டையோ அணிந்தால் இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மகன் தாயின் சேலையைத் தொட்டாலோ வீடு இரண்டுபடுகின்றது. இவ்வேறுபாட்டிலேயே நாம் பெண்ணுடைக்கு எவ்வளவு மதிப்பு வைத்துள்ளோம் என்பது வெளிப்படவில்லையா?

இது வெறும் ஏச்சோடு முடிவதன்று. ஆங்கிலேயர் காலத்து 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399 ஆம் பிரிவும், பிறப்புப் பாலுக்கு மாறாக உடுத்தியோர்மீது இந்நாட்டில் ஏவப்பட்டமை மனித உரிமை அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் ஒன்றால் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கும் முறை ஏற்பட்டது. அது நல்லதொரு படி. ஆயினும் சான்றிதழை அலுமாரியில் வைக்கலாமேயன்றி, தாயின் முகத்தில் ஒட்ட முடியாது. வீட்டில் உடுத்துபவர் எல்லோரும் திருநங்கையருமல்லர், திருநம்பியருமல்லர். சிலருக்கு அது மனவமைதி, சிலருக்கு விருப்பம், சிலருக்கு உயிரின் உண்மை. எவராயினும் தம் வீட்டுக்குள்ளே நாய் ஒன்றிடம் மட்டுமே ஆறுதல் காண நேர்வது அவ்வீட்டாருக்குப் பெருமையன்று.

அத்தகையோருக்கு ஒரு நடைமுறை வார்த்தை. புதிய உடையை உடுத்துமுன் நாயை முகர விடுங்கள். பொய்முடியைத் தலையில் வைத்துக்கொண்டு திடீரெனத் தோன்றாமல், அதன் கண்முன்னே வையுங்கள். வாசனைத் திரவியத்தைக் குறையுங்கள். பழகிய குரலில் அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள். எசமானின் குரலைக் கேட்ட நாய் எசமானின் முகத்தையே எதிர்பார்க்கின்றதென 2007 இல் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த ஆய்வொன்று காட்டிற்று. குரைத்தால் அதட்டாதீர்கள், இருந்து, கையை நீட்டி, மணக்க விடுங்கள். சில நிமிடங்களில் அதன் ஐயம் தீர்ந்துவிடும்.

நமது ஐயம் அவ்வளவு விரைவில் தீர்வதில்லை. நாய்க்கு உடையின் பொருள் தெரியாது. மானம், குடும்பப் பெயர், ஊர்ப்பேச்சு என்று நாம் துணியில் நெய்து வைத்த எதையும் அது அறியாது. அறியாத காரணத்தால் அதற்கு ஏற்றுக்கொள்வதிற் பாரமில்லை. ஆகவே அதனை நம்மிலும் மேலான அறவாளியாக்குதல் பொருந்தாது. நமக்கோ அப்பொருள் அனைத்தும் தெரியும். தெரிந்திருந்தும், இவன் என் மகன், இவள் என் தங்கை, நேற்று என்னோடு ஒரே பாயிலிருந்து உண்டவர் என்று கண்டுகொள்வதே மனிதனுக்கு உரிய கடினமான காரியம். அதனை நாயிடம் விட்டுவிட்டு நாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது முறையன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் தம் வகுப்பிலே, தம் வீட்டிலே இதைச் சற்றுப் பேசத் தொடங்குவார்களாக.