நிறுத்திய ஆகாரத்தைத் திரும்ப எப்பொழுது சாப்பிடுவது?



ஒக்கலிபுரத்தில் எங்கள் சபைக்கு வருகிற ஒரு சகோதரரைக்குறித்து இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். பெயர் வேண்டாம், அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து பதினெட்டு வருடங்களாகின்றன. பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். அதற்குள் மூன்று முறையாவது கழிப்பறைக்குப் போக வேண்டும். அவர்கள் குடியிருக்கும் வரிசையிலோ நான்கு வீடுகளுக்கு ஒரே கழிப்பறை. வெளியே ஒருவர் வாளியோடு நிற்கும்போது உள்ளே இருப்பவருக்கு வயிறு இன்னும் முறுக்கும். பேருந்தில் ஏறியபின் மறுபடியும் முறுக்கினால் மெஜஸ்டிக்கில் இறங்கிக் கட்டணக் கழிப்பறையைத் தேடி ஓடுவார். மாதச் சம்பளத்தில் தாமதத்திற்கென்று பிடித்தம்.

அவர் என்னிடம் ஜெபிக்கும்படி கேட்டுவந்தார். நான் ஜெபித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வெள்ளிக்கிழமைகள் உபவாசம் இருக்கும்படி ஆலோசனையும் சொன்னேன். பகலெல்லாம் வெறும் வயிறு, இரவு ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. சனிக்கிழமை காலையில் அவர் பட்ட பாட்டை அவர் மனைவி சொல்லித்தான் பின்னர் அறிந்தேன். இந்தத் தவறு என்னுடையது. ஆகையால்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

அதன்பின் அக்கம்பக்கத்தார் ஆலோசனை தொடங்கிற்று. பாலை நிறுத்துங்கள் என்றார் ஒருவர், நிறுத்தினார். கோதுமை ஆகாது என்றார் இன்னொருவர். பிறகு வெங்காயம், பூண்டு, பருப்பு, முட்டை, மீன், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாய் இலையைவிட்டுப் போயின. ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் நான்கு நாள் நன்றாயிருக்கும், ஐந்தாம் நாள் பழைய கதை. ஒன்பது மாத முடிவில் அவர் சாப்பிட்டது சோறும் உருளைக்கிழங்கும் சீரகத் தண்ணீரும்தான். பதினொரு கிலோ எடை குறைந்திருந்தது. "ஐயா, இவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு ஆறு மாதமாகிறது. பிள்ளைகள் தட்டை எடுத்தால் வெளியே எழுந்து போய்விடுகிறார்" என்று அந்தச் சகோதரி அழுதபோதுதான் நான் அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

மருத்துவர் முதலில் ஆகாரத்தைப்பற்றிப் பேசவே இல்லை. எடை ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும் என்றார். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். நம் நாட்டில் குடலில் காசநோய் வருவதும் அரிதல்ல. கோதுமையால் உண்டாகும் சீலியாக் நோய் வடக்கே காணப்படுகிற அளவுக்குத் தெற்கே இல்லை. எனினும் அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல் மருத்துவமனை, தொழிலாளர்களுக்கு ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, இன்னும் விக்டோரியா, பௌரிங் என்று நமக்கு எட்டும் தூரத்தில் பல உள்ளன. காட்பாடிக்கு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களும் நம்மில் அநேகர். எங்கே போனாலும் சரி, பக்கத்து வீட்டாரின் ஆலோசனைக்கு முன்பாகப் போங்கள்.

நம் சகோதரருக்குப் பரிசோதனைகளில் வேறு வியாதி ஒன்றும் அகப்படவில்லை. எடை குறைந்தது சாப்பிடாததினால். வியாதியின் பெயர் ஐ.பி.எஸ். என்றார்கள். (காவல்துறையை நினைத்துக்கொண்டு அவர் ஒரு கணம் திகைத்தார்.) குடலைத் திறந்து பார்த்தாலும் புண்ணோ வீக்கமோ தெரியாது, ஆனால் குடலின் நரம்புகள் மிகவும் கூருணர்ச்சி கொண்டவையாக மாறியிருக்கும். மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் வாயு இவர்களுக்கு வலியாகத் தோன்றும். கடந்த மூன்று மாதங்களில் வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, மலம் போவதோடு அந்த வலிக்குத் தொடர்பு, போகும் தடவைகளிலோ மலத்தின் தன்மையிலோ மாறுதல். இவற்றைக் கொண்டே 2016 முதல் உலகெங்கும் இதை நிர்ணயிக்கிறார்கள். 33 நாடுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான கணக்கெடுப்பில், இணையத்தின் வழியாகக் கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வருக்கு இது இருந்தது. இது பாவனையுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. கவலை இதைக் கூட்டும் என்பது மெய். அதற்காகக் கவலையே இதைப் பெற்றெடுத்தது என்று சொல்லிவிட முடியாது.

ஆகாரத்திற்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன் என்னும் மருத்துவரும் சூ ஷெப்பர்ட் என்னும் உணவியல் நிபுணரும் 2005இல் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சில ஆகாரங்களிலுள்ள சிறு சர்க்கரை வகைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, பெருங்குடலின் கிருமிகளால் புளித்து வாயுவாகின்றன. இவற்றுக்கு ஃபாட்மேப் என்று கூட்டுப்பெயர் இட்டார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் ஃப்ரக்டான் என்ற வகை, பருப்பு, கடலை, மொச்சையில் ஒரு வகை, பாலில் லாக்டோஸ், மாம்பழத்திலும் தேனிலும் பழச்சர்க்கரை. தென்னிந்தியரில் பெரும்பாலோருக்குப் பாலின் லாக்டோஸ் முழுவதும் செரிப்பதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் அது தொந்தரவு தருவதில்லை. 2014இல் வெளியான ஆய்வில் முப்பது நோயாளிகளுக்கு 21 நாள் இவை குறைந்த ஆகாரமும், 21 நாள் வழக்கமான ஆகாரமும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, குறைந்த நாட்களில் உபத்திரவம் தெளிவாகத் தணிந்தது.

ஆயினும் எடுத்த எடுப்பில் இதற்குள் போக வேண்டாம். 2015இல் ஸ்வீடனில் 75 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு இந்த விலக்கு முறையும், மற்றவர்களுக்கு நேரத்துக்கு அளவாகச் சாப்பிடுதல், மென்று விழுங்குதல், எண்ணெய், காரம், காப்பி குறைத்தல் போன்ற எளிய ஆலோசனையும் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் குணம் தெரிந்தது. எளிய வழியை ஒரு மாதம் கைக்கொண்டு, மருத்துவர் சொன்னால் இசப்கோலும் சேர்த்து, அதன்பின்னும் தொல்லை தொடர்ந்தால் மாத்திரம் அடுத்ததற்குப் போகலாம். ஏற்கெனவே மெலிந்தவர்கள், பிள்ளைகள், கர்ப்பவதிகள், சர்க்கரை வியாதிக்காரர் ஆகியோர் உணவியல் நிபுணர் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

நம் சகோதரரின் தாளைப் பார்த்த உணவியல் நிபுணர் சொன்ன ஒரு வார்த்தை என்னைக் குத்தியது. "நீங்கள் பாதிச் சோதனையைத்தான் செய்திருக்கிறீர்கள்" என்றார். விலக்குவது இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு மாத்திரமே. அதற்குள் குணம் தெரியாவிட்டால் இந்த முறை உங்களுக்கானதல்ல என்று விட்டுவிட வேண்டும். குணம் தெரிந்தால் உடனே திரும்பச் சேர்க்கும் கட்டம் தொடங்க வேண்டும். அதுதான் நீண்டது, அதுதான் முக்கியமானது. தானியேலும் அவனுடைய தோழர்களும் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று கேட்டதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கெடு ஒன்று குறிக்கப்பட்டதும், அது முடிந்தவுடன் ஒருவர் பார்த்துத் தீர்மானித்ததும் என் கண்ணுக்குப் படவில்லை. (அவர்கள் சாப்பிட்ட பருப்பு நம் சகோதரருக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.)

ஏன் காலமெல்லாம் விலக்கியே இருக்கக்கூடாது? பெருங்குடலில் புளிப்பது முழுவதும் தீமையானதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா முதலான மருத்துவர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் செரிக்காத மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி குறைந்தது. அந்த மாவு பெருங்குடலில் புளித்து உண்டாகும் அமிலங்கள் தண்ணீரை உடலுக்குள் மீண்டும் உறிஞ்ச உதவுகின்றன. குடலின் சுவருக்கும் அவையே ஆகாரம். நீண்டநாள் விலக்கினால் நல்ல கிருமிகளில் சில குறைந்துபோகும். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் குறையும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் நம் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்ததும் இந்த நோக்கில்தான். பழைய சோறு உங்களுக்கு நன்மையாக இருக்கலாம். பக்கத்தில் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம்தான் சிக்கல்.

இனி ஒற்றை அடுப்புள்ள சமையலறையில் இதை எப்படிச் செய்வது? குடும்பத்திற்கு ஒன்று, இவருக்கு ஒன்று என்று இரண்டு சமையல் நம் வீடுகளில் நடக்காது. அந்தச் சகோதரி கண்டுபிடித்ததை அப்படியே தருகிறேன். குழம்பை வெங்காயம் பூண்டு இல்லாமல் இறக்கி, இவருக்குரியதை எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு வெங்காயத்தைத் தனியே வதக்கிக் கொட்டிவிடுகிறார். பூண்டின் ருசி வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டைச் சிவக்க வறுத்து, தண்ணீர் படுவதற்கு முன்பாகப் பற்களை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம். ரசத்தில் கொதிக்கவிட்டுப் பிறகு பூண்டைப் பொறுக்குவதினால் பயனில்லை; அதற்குள் இறங்கிவிட்டிருக்கும். பெருங்காயம் நல்ல துணை, ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதுண்டு. உறையைப் படித்து வாங்குங்கள். சாம்பார்ப் பொடியில் பருப்பு இருக்கும். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை போதும். அரிசி, முட்டை, மீன், கோழி, கேரட், வெள்ளரி, உருளை, பசலைக்கீரை ஆகியவற்றை விலக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் சகோதரர் முட்டையையும் மீனையும் வீணாகத்தான் விட்டிருந்தார். அவற்றில் இந்தச் சர்க்கரைகளே கிடையாது.

பெங்களூர்க்காரருக்கு இரண்டு எச்சரிக்கைகள். இங்கே ஃபில்டர் காப்பித் தூளில் சிக்கரி கலப்பது வழக்கம். சிக்கரி வேரில் இருப்பதும் வெங்காயத்தின் அதே குடும்பத்துச் சர்க்கரைதான். விலக்கும் வாரங்களில் கலப்பில்லாத தூளை வாங்குங்கள். மற்றொன்று, மார்கழி தை மாதங்களில் ஊரெங்கும் மணக்கும் அவரைப்பருப்பு. சோதனையை அந்தக் காலத்தில் தொடங்காதிருப்பது நல்லது. வெளியே சாப்பிட்டே தீர வேண்டிய வேலைக்காரருக்கு இது கடினம் என்பதை அறிவேன். வெங்காயமில்லாத பலகாரம் எந்த ஓட்டலில் கிடைக்கும்? அந்த நான்கு வாரமும் அவர் டப்பாவில் எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் கொண்டுபோனார்.

திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரே பொருள். முதல் நாள் சிறிதளவு, இரண்டாம் நாள் சற்றுக் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டோம், வயிறு என்ன செய்தது என்று எழுத வேண்டும். அன்று வீட்டில் சண்டை, கடன்காரர் வந்தார், இரவு வேலை என்பதையும் எழுதுங்கள். ஒரு நாள் வயிறு கெட்டதற்குப் பூண்டைக் குற்றப்படுத்திய சகோதரர், நோட்டைப் பார்த்தபின் அது மேலாளர் கூப்பிட்டு எச்சரித்த நாள் என்று கண்டுகொண்டார்.

சபைகளிலும் சில காரியங்களை மாற்றலாம். எங்கள் சபையில் கடைசி வரிசையில் வாசலருகே சில நாற்காலிகளை இப்படிப்பட்டவர்களுக்காக விட்டு வைத்திருக்கிறோம். ஆராதனை நடுவே யார் எழுந்து போனாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுந்து போகலாம் என்று தெரிந்தவுடன் பாதிப்பேருக்கு எழ வேண்டிய தேவையே வருவதில்லை. அன்பின் விருந்தில் பிரியாணிக்கு முன்பாக ஒரு பாத்திரம் வெறுஞ்சோறு எடுத்து வைக்கிறோம். உபவாசத்தைப்பற்றிக் கேட்கிறவர்களுக்கு, முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் என்கிறேன். ஆகாரத்தை விட முடியாதவர்கள் அந்த நாளில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் விடட்டும்.

நம் சகோதரரின் நோட்டு இப்பொழுது பதினொன்றாம் வாரத்தில் இருக்கிறது. இரண்டு சப்பாத்தி பரவாயில்லை, மூன்றாவது ஆகாது. தயிர் ஒத்துக்கொள்கிறது, ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளவில்லை, காப்பியில் அரை டம்ளர் தாங்குகிறது. பூண்டு ஒரு பல் சரி. வெங்காயம்தான் அவருக்கு மெய்யான எதிரி. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி நன்றாக வேகவைத்த துவரம்பருப்பு ஒரு கரண்டி பிரச்சினையில்லை. நான்கு கிலோ எடை கூடியிருக்கிறது. காலையில் ஒருமுறை, சில நாட்களில் இருமுறை, அவ்வளவுதான். முற்றிலும் குணமாகிவிட்டது என்று அவரும் சொல்வதில்லை, நானும் சாட்சி சொல்லச் சொல்வதில்லை. இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாம்பழத்தைச் சோதிப்பது மாத்திரம் பாக்கி. பழம் விலை இறங்கட்டும் என்று அவர் மனைவி தள்ளி வைத்திருக்கிறார்.